கப்பலுக்கும் கரைக்கும் நடுவே

கடலைக் கடப்பது பெரிதா, கரையை அடைவது பெரிதா என்று வினவினால், கடலைக் கடப்பதே பெரிது என்று நம்மிற் பலர் தயங்காமல் விடை கூறுவர். கடலோடிகளோ சற்று யோசித்த பின்னரே வாய் திறப்பர். ஆழ்கடலில் அலையானது பெரும்பாலும் உயர்ந்து தாழ்ந்து படகின் அடியாற் சென்றுவிடும். கரையை அண்மிய ஆழமற்ற நீரிலேதான் அது தலைகுப்புற விழுந்து உடைகிறது. பல நாட் பயணத்தைப் பழுதின்றி முடித்தவன், இறுதி இருநூறு யாரில் உயிருக்குப் போராட நேர்வதுண்டு. அந்த இருநூறு யாரைக் கடக்க உதவும் ஒரு சிறு தோணியைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணுகிறேன்.

அம்பாறை மாவட்டத்திலே, பொத்துவிலுக்குத் தெற்கே, பிறைபோல் வளைந்து கிடக்கிறது அறுகம்பே. குடாவின் தென்முனை பேரலையைச் சற்றே தடுத்து நிற்பதால், அதன் உட்புறத்து மணலிலே மீன்பிடிப் படகுகளை இழுத்து ஏற்றி வைத்திருப்பார்கள். இக்கரையில் துறைமுகம் அமைப்பது எளிதான காரியமன்று. கரையோரமாக ஓயாது நகரும் மணல், கட்டிய துறையின் வாயை அடைத்துவிடும். 2013ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு நேர்ந்த கதியைக் கல்முனைப் பகுதி வாசகர்கள் நன்கறிவார்கள்.

இத்தகைய குடாவுக்கு இருபத்தைந்து அடி நீளமுள்ள சிறு பாய்மரப் படகொன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடிக்கட்டை மூன்று நான்கு அடி ஆழத்துக்கு நீரினுள் நிற்கும். ஆகவே அது மணலில் ஏற இயலாது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலால், பெருக்கில் வந்து வற்றில் தரைதட்டி நிற்கும் மேனாட்டு உபாயமும் இங்கே பலியாது. தொலைவில் நங்கூரமிட்டு, வேறொரு தோணியிலேதான் கரைக்கு வரவேண்டும். அதனைத் துணைத்தோணி எனலாம்.

இங்கேதான் சங்கடம் பிறக்கிறது. மரத்தோணியை வைக்கச் சிறு படகின் தளத்தில் இடமில்லை. பின்னாற் கட்டி இழுத்தாலோ வேகம் குறையும். பின்னலை எழும்போது அது பாய்ந்து வந்து தாய்ப்படகையே மோதும். காற்றடைத்த இறப்பர்த் தோணி சுருட்டி வைக்க ஏற்றது. ஆயினும் அது வெயிலில் நாளடைவில் நலியும், சிப்பியிலும் பாறையிலும் கிழியும், எதிர்க்காற்றில் துடுப்புக்கு எளிதில் அடங்காது. இவற்றுக்கிடையே மூன்றாவது வழியாக வந்தது மடக்குத் தோணி.

19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் றொம்சி என்னும் ஊரிலிருந்த எட்வர்ட் பெர்தன் என்ற பாதிரியார், கீலில் அசையும் மரச்சட்டங்களின்மேல் கித்தான் துணியைப் போர்த்து, புத்தகம்போல் மூடித் திறக்கத்தக்க படகைச் செய்தார். இக்காலத்தில் ஒட்டுப்பலகையாலும் பொலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்ரிக் தகட்டாலும் செய்கிறார்கள். மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பிளாஸ்ரிக்கின் அடர்த்தி நீரினும் சற்றுக் குறைவு, ஆதலால் தானே மிதக்கும். மெல்லிய மடிப்பில் ஆயிரக்கணக்கான முறை வளைத்தாலும் முறியாது. போத்தல் மூடியோடு ஒட்டியிருக்கும் கீலைத் திறந்து பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். எட்டடித் தோணி ஏறத்தாழ முப்பது கிலோ நிறை கொண்டது. மடித்தால் நாலு விரற்கடைத் தடிப்பே ஆகும். படகின் ஓரக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் இருப்பதே தெரியாது.

இது மேனாட்டார் கண்ட புதுமை என்று நாம் வியக்க வேண்டியதில்லை. நம்மவர் கட்டுமரம் என்பது என்ன? கடலுக்குப் போகையில் கட்டுவது. கரைக்கு வந்ததும் அவிழ்ப்பது. அவிழ்த்த மரங்கள் மணலில் உலர்ந்து, மறுநாள் பாரம் குறைந்து மிதக்கும். சென்னையிற் செயற்கைத் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் பண்டங்களையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தும்புக்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை அறையும்போது விறைத்து நிற்கும் படகு பிளந்துபோகும். தைத்த படகோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். கவிழ்ந்தால் மாந்தரை மீட்கக் கட்டுமரங்களும் உடன் சென்றன. கட்டுமரக்காரர், கடிதங்களைத் தம் ஓலைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்து நுரையலையைக் கடந்தனர் என்றும் அக்காலப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். மாபெரும் கப்பல்களின் கௌரவம் அந்தச் சிறு படகோட்டிகளின் கைத்திறனிலேயே தங்கியிருந்தது அன்றோ?

ஆனால் மடிக்கத்தக்க படகுக்கு ஒரு நிபந்தனை உண்டு: வேண்டிய வேளைக்கு முன்னரே அது விரிந்திருக்க வேண்டும். 1912ஆம் ஆண்டு ஏப்ரலில் மூழ்கிய ரைற்றானிக் கப்பலில் இருந்த இருபது உயிர்காப்புப் படகுகளில் நான்கு, கித்தான் பக்கங்களை உயர்த்திப் பயன்படுத்தும் மடக்குப் படகுகள். தளத்தின் ஓரத்தில் இருந்த இரண்டையும் ஒழுங்காக இறக்கிவிட்டார்கள். மற்ற இரண்டும் அதிகாரிகளின் அறைக் கூரைமேல் இருந்தன. அவற்றைக் கீழே கொணர்ந்து ஆயத்தம் செய்வதற்குள் கடல் தளத்துக்கு வந்துவிட்டது. ஒன்று குப்புறக் கவிழ்ந்தே மிதந்தது. அதன் முதுகிலே ஏறத்தாழ முப்பது பேர் விடியும்வரை உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மற்றொன்றில், பக்கங்கள் உயராமையால் உள்ளே புகுந்த குளிர்நீரில் நின்றே சிலர் மாண்டனர். படகு இருந்தது, அதனை விரிக்க நேரமில்லை.

இப்பாடத்தை அறுகம்பேக்குக் கொண்டு வருவோம். ஆடும் தளத்தில், வீசும் காற்றில், மடித்த தகட்டை விரிப்பது முதன்முறை எவருக்கும் எளிதன்று. தகடு பாயாக மாறிக் கையைவிட்டுப் பறக்கும். ஆதலால் அமைதியான நீரில் பலமுறை விரித்தும் மடித்தும் பழகியிருத்தல் வேண்டும். அடித்தட்டு நெகிழ்வதால் ஏறுகையில் ஓரத்தை மிதிக்காமல் நடுவிலே கால்வைத்து, உடனே அமர்ந்துவிட வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது காற்று. தென்மேற்குப் பருவத்திலே, அதாவது வெளிநாட்டார் அலைச்சறுக்குக்கு வந்து குவியும் மாதங்களில், கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையிலிருந்து பார்ப்பவனுக்குக் குடா சாந்தமாகத் தோன்றும். துடுப்பொன்று நழுவினால் போதும். இலேசான தோணி சருகுபோல் வங்காள விரிகுடாவை நோக்கிப் போய்க்கொண்டேயிருக்கும். எனவே துடுப்புகளைக் கயிற்றால் தோணியோடு பிணைத்திருத்தல், உபரித் துடுப்பொன்று வைத்திருத்தல், சிறு நங்கூரமும் நீண்ட கயிறும் கொண்டு செல்லுதல், இருநூறு யார்தானே என்று எண்ணாமல் உயிர்காப்பு அங்கி அணிதல் ஆகிய நான்கும் தவறக் கூடாதவை. வாடைக்காற்றுக் காலத்திலோ அலை நேரே கரையில் வந்து அறையும். அப்போது மடக்குத் தோணியை மடித்தபடியே வைத்திருப்பதுதான் அறிவுடைமை.

முனைக்கு அப்பால் உடையும் அலைக்குள் எக்காலத்திலும் இத்தோணியைச் செலுத்தலாகாது. எந்த இடத்தில் மணல்திட்டு நகர்ந்திருக்கிறது, எத்தனையாவது அலைக்குப்பின் கடல் சற்று அடங்கும் என்பவற்றை அங்குள்ள மீனவர் நாள்தோறும் கடலைப் பார்த்தே அறிந்துவைத்திருக்கின்றனர். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு இறங்குவதில் இழிவில்லை. அவர்கள் “இன்றைக்கு வேண்டாம்” என்றால், படகிலேயே இருந்து மறுநாள் விடியலுக்காகக் காத்திருப்பதே முறை.