முதலிசையும் கேட்போர் கடனும்

ஒரு கலைஞனின் முதற் படைப்பு வெளிவந்தவுடன் அதனைப் பற்றிப் பேசுவோர் இரு திறத்தினர். முன்னிருந்த பெரியோரின் படைப்போடு ஒப்பிட்டு, ‘அது போல் இது இல்லை’ என்பார் ஒரு சாரார். அக்கலைஞன் புகழெய்திய பின்னர் வந்து, அவனுடைய பிற்காலப் படைப்போடு ஒப்பிட்டு, ‘இது வெறும் தொடக்கமே’ என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் அப்படைப்பையே செவிமடுத்தாரல்லர். முன்னையோர் அதற்கு முன்னிருந்ததையும், பின்னையோர் அதற்குப் பின்வந்ததையும் கேட்டுக்கொண்டிருந்தனர். இக்குறை நீங்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் கருத்து.

மேனாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் நோக்குவோம். லிவர்பூல் நகர இளைஞர் நால்வர் பீற்றில்ஸ் என்னும் பெயரால் அமைத்த இசைக்குழுவின் முதல் நீண்ட இசைத்தட்டு 1963 மார்ச் 22ஆம் நாள் வெளிவந்தது. அதிலுள்ள 14 பாடல்களுள் 10 பாடல்கள் அவ்வாண்டு பெப்ரவரி 11ஆம் நாள் ஒன்றிலேயே இலண்டனில் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. தடிமனால் வருந்திய ஜோன் லெனனின் குரல் கெட்டுவிடும் என்றஞ்சி, தொண்டையை மிகவும் வருத்தும் பாடலை அன்றிரவு இறுதியிற் பாடுவித்தனர். 14 பாடல்களுள் 8 அவர்கள் தாமே இயற்றியவை. ஏனைய 6 பிறருடையவை. பிரித்தானிய விற்பனை வரிசையில் அத்தட்டு 30 வாரம் முதலிடத்தில் நின்றது. அதனை அவ்விடத்தினின்றும் அகற்றியதும் அவர்களுடைய இரண்டாம் தட்டே.

இத்தட்டைப் பற்றிக் கேட்போர் இன்றும் வழக்காடுகின்றனர். 1967இல் வந்த அவர்களின் பெருந்தட்டை உரைகல்லாகக் கொண்டு, முதல் தட்டு செப்பனிடப்படாதது, பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதி இரவற் சரக்கு என்பார் உளர். அந்த ஒரு நாளின் வேகமும் இளமையும் பின்னொருபோதும் அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பாரும் உளர்.

நம்மவரிடையேயும் இத்தகைய வழக்கு உண்டு. 1976 மே மாதத்தில் ‘அன்னக்கிளி’ என்னும் திரைப்படம் தமிழகத்தில் வெளிவந்தது. தேவராஜ் – மோகன் இயக்கிய அப்படத்தின் வாயிலாகவே பண்ணைப்புரத்து இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமானார். வாய்ப்பளித்தவரும் பாட்டெழுதியவரும் பஞ்சு அருணாசலம் ஆவார். எஸ். ஜானகி பாடிய நெல் குத்தும் பாட்டும், பி. சுசீலா பாடிய சோகப் பாட்டும் சிற்றூர்தோறும் ஒலித்தன. ‘வயலிலும் களத்திலும் வழங்கும் மெட்டை எடுத்துப் பாடினால் அது புதுமையாகுமா?’ என்று வினவியோர் உளர். ‘எங்கள் வாய்ப்பாட்டை இப்பொழுதேனும் பெரிய வாத்தியங்களோடு கேட்கின்றோம்’ என்று மகிழ்ந்தோர் பலர். இன்றோ, 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜாவை அறிந்தோர், அன்னக்கிளியை முதற்படி என்ற அளவிலே மதித்து நகர்கின்றனர்.

அப்பாடல்களை நம் முருங்கனில் அறிமுகஞ் செய்தது பெரும்பாலும் வானொலியே. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு, பாக்குநீரிணையைக் கடந்து தமிழகத்தார் செவியையும் கவர்ந்த காலம் அது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரின் குரல்கள் இரு கரையிலும் வீட்டுக் குரல்கள் போலாயின. பாட்டு அங்கே பிறந்து, இங்கிருந்து ஒலிபரப்பாகி, மீண்டும் அங்குள்ளோரை மகிழ்வித்தது. எனவே கேட்போர் என்ற முறையில் நாம் பிறருக்குப் பிற்பட்டவர் அல்லேம்.

ஆயினும் நேயர் விருப்பம் என்பது நேயர் கருத்து ஆகாது. இன்ன பாடலை இத்தனை பேர் விரும்பினர் என்று அது கூறும். எதனால் விரும்பினர் என்பதைக் கூறாது. இன்று கைத்தொலைபேசியில் விருப்பக் குறியிடுவோரின் தொகையும் அத்தன்மையதே. எண்ணிக்கை பெருகியுள்ளது, காரணங் கூறும் வழக்கம் பெருகவில்லை.

பழமையால் மட்டும் ஒன்று நன்றாகிவிடாது, புதுமையால் மட்டும் ஒன்று தீதாகிவிடாது என்று சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில் உமாபதி சிவாசாரியார் உணர்த்தினார். தம் நூலை அவைமுன் வைக்கும் ஆசிரியர் கேட்போரிடம் வேண்டிய நடுவுநிலைமை அது. நூலுக்கு வேண்டப்படும் அந்நடுவுநிலைமை இசைக்கும் வேண்டுவதே.

மேலும், முதற் படைப்பு எனப்படுவது உண்மையில் தொடக்கமன்று. நீண்டதொரு பயிற்சியின் முடிவு அது. பீற்றில்ஸ் குழுவினர் 1960ஆம் ஆண்டு தொடங்கி ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரக் களியாட்டு விடுதிகளில் இரவிரவாகப் பாடித் தேர்ந்தவர்கள். அப்பழக்கமின்றி ஒரே நாளிற் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தல் இயலாது. இளையராஜாவும் தம் தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊரூராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்றவர், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தவர். நாட்டார் மெட்டும் மேனாட்டு இசையமைதியும் அன்னக்கிளியில் முரணின்றி இணைந்தது அவ்வுழைப்பின் பயன். ஆதலால் ‘தொடக்கந்தானே’ என்று இரங்கி மன்னிப்பதும், ‘நேற்று வந்தவன்’ என்று இகழ்வதும் ஒருங்கே பிழையாகும்.

அங்ஙனமாயின் முதற் படைப்பு யாவற்றையும் போற்றுதல் வேண்டுமோ எனின், அன்று. குறையைக் குறை என்றே கூறுதல் வேண்டும். காரணமற்ற புகழ்ச்சி, காரணமற்ற இகழ்ச்சியைப் போலவே இளைஞனைக் கெடுக்கும். 1962 ஜனவரி முதல் நாளில் டெக்கா என்னும் இசைத்தட்டு நிறுவனம் பீற்றில்ஸ் குழுவினரைப் பாடச் செய்து கேட்டுப் பின்னர் மறுத்துவிட்டது. கிற்றார்க் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்பதே தமக்குக் கூறப்பட்ட காரணம் என அவர்களின் மேலாளர் பிரையன் எப்ஸ்ரைன் பிற்றை நாளில் எழுதினார். அது அவ்வாறே கூறப்பட்டிருப்பின், குற்றம் மறுத்தமையில் இல்லை. அன்று அவர்கள் பாடியதில் குறையிருந்திருக்கலாம். பாட்டைப் பற்றிக் கூறவேண்டிய இடத்தில் சந்தையைப் பற்றிக் கூறியமையே குற்றம். குரல் தளர்ந்தது, தாளம் நழுவியது என்றிருந்தால் பாடியவர் திருந்துவர். ‘உன் வகையினர் காலம் கழிந்தது’ என்றால் அவர் என் செய்வர்?

இவ்வளவும் முருங்கனில் வாழும் நமக்கு எதற்காக என ஒருவர் வினவலாம். கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்கள் சூழ்ந்த ஊர் நமது. நெல் குத்தும் பாட்டை வானொலியிற் கேட்டு நாம் மகிழ்ந்ததற்குக் காரணம், அத்தொழிலை நாம் அறிந்திருந்தமையே. ஆனால் அருவி வெட்டும்போதும் சூடு மிதிக்கும்போதும் நம் கமக்காரர் பாடிய பாட்டுக்கள் யாண்டுள? அறுவடை இயந்திரத்தின் இரைச்சலில் பாட்டுக்கு இடமில்லை. அரிவாள் பிடித்துப் பாடிய கைகளுள் எஞ்சியவை மூப்பெய்திவிட்டன. நெடும்போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த காலத்தில் மறைந்தனவும் பல. மாதோட்டத்து நாட்டுக்கூத்தும் வாசாப்பும் ஏடுகளாலேனும் ஓரளவு காக்கப்பட்டன. வயற்பாட்டுக்கோ வாயன்றி வேறு ஏடில்லை.

இந்நிலையில் நம் மாணவன் ஒருவன் தன் பாட்டியார் முணுமுணுத்த அருவி வெட்டுப் பாட்டொன்றை எடுத்து, கிற்றாரோடும் பறையோடும் அமைத்து, கல்லூரி மேடையிற் பாடுவதாகக் கொள்வோம். அதில் பிழைகள் இருக்கும். சினிமாப் பாட்டுப் போல் இல்லை என்று தோழர் நகைப்பர். பழைய முறை கெட்டது என்று மூத்தோர் முகஞ்சுளிப்பர். அந்நகைப்பும் அச்சுளிப்பும் போதும். அவனது முதற்பாட்டே இறுதிப்பாட்டாகிவிடும். அதனோடு பாட்டியாரின் பாட்டும் மடியும். முதற் படைப்பைக் கேட்கும் முறை நமக்கு ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஆசிரியர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி நூல்நிலையத்தில் கேட்போர் ஏடு ஒன்றை வைப்போம். மாணவர் புதிதாக அமைக்கும் பாடலை ஒலிப்பதிவு செய்து, விரும்புவோர் இருமுறை கேட்கச் செய்வோம். கேட்டவர் மூன்று செய்திகளை ஏட்டில் எழுதுக: தாம் செவியாற் கேட்டது யாது, அதில் நன்றென்று தோன்றியது எது, எதனால், திருத்த வேண்டியது எது, எவ்வாறு. வேறொருவர் பாட்டோடு ஒப்பிடுதல் அவ்வேட்டில் இடம்பெறாதிருக்கட்டும். பொருட்செலவு மிகுதியாக வேண்டாத பணி இது. சிறிது பொறுமையும் நேர்மையுமே வேண்டுவன.

பாடுவோன் கடன் பயிலுதல். கேட்போன் கடன் காரணத்தோடு கூறுதல். இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமாயின், முருங்கன் வயல்களில் மௌனமாகிவரும் பாட்டு இக்கல்லூரி மண்டபத்திலேனும் மீண்டும் ஒலிக்கும்.