மனைவிக்காக ஒரு நாள் லீவு போடுங்கள்

மும்பைக்குப் பிழைக்க வந்த நம்மவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பத் தவறுவதில்லை; பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் எப்படியாவது கட்டிவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் மனைவியின் உடம்பில் ரத்தம் குறைந்து வருவதைக் கவனிப்பவர் எத்தனை பேர்?

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை உள்ளது. 2015-16-இல் இது 53 ஆக இருந்தது. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் மட்டும் இதற்கு விலக்கு என்று எண்ண இடமில்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கை கால் ஓய்ந்து போகிறது என்றால், "வேலை அதிகம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் ரத்தக் குறைவின் அடையாளம். ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறையக்கூடாது. எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்பதும், மாதவிடாயில் உதிரப்போக்கு மிகுவதும், அடுத்தடுத்த பிரசவங்களும் முக்கிய காரணங்கள். படுக்கையில் விழாமல் நடமாடுவதே ஆரோக்கியம் ஆகிவிடாது. நோயில்லாமை மட்டுமன்றி, உடலும் மனமும் சமூக வாழ்வும் நலமாயிருப்பதே ஆரோக்கியம் என்று 1948-இலேயே உலக சுகாதார நிறுவனம் வகுத்துவிட்டது.

ஊரிலே என்றால் தாயோ அக்காவோ முகத்தைப் பார்த்ததும், "ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டே?" என்று கேட்பார்கள். இங்கே ஓர் அறைக் குடித்தனத்தில் கேட்க ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொழி தெரியாது. இந்தி தெரிந்த பத்து வயது மகனை மொழிபெயர்க்க அழைத்துப் போகிறார்கள். மாதவிடாய்த் தொல்லையை எந்தத் தாய் மகன் வாயால் சொல்லுவாள்? "தலைவலி" என்று மட்டும் சொல்லி, மாத்திரை வாங்கித் திரும்பிவிடுகிறாள். உண்மையான நோய் அப்படியே இருந்துவிடுகிறது.

ஆகவே கணவன்மார் ஒரு நாள் லீவு போட்டு உடன் செல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளியின் மனைவிக்கும் அங்கே மருத்துவ வசதி உண்டு. மற்றவர்களுக்கு மாநகராட்சி மருத்துவமனைகள் இருக்கின்றன. இரும்புச்சத்து மாத்திரை தந்தால், களைப்பு தீர்ந்ததும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன காலம் வரை சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது போகட்டும். கீரை, பயறு, கேழ்வரகோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நல்லது.

நமது சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அத்துடன், இந்தியும் மராத்தியும் அறிந்த தாய்மார் இருவரைப் பேட்டைதோறும் ஏற்பாடு செய்து, ஆஸ்பத்திரிக்குத் துணை தேவைப்படும் பெண்களுடன் அனுப்பலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மனமிருந்தால் போதும்.

வீட்டிலும் இன்றிரவே ஒரு மாறுதல் செய்யலாம். மனைவியும் தட்டை வைத்துக்கொண்டு உட்காரட்டும். எல்லோரும் சேர்ந்தே உண்ணலாம்.