நல்ல காளை முதலில் போய்விடுகிறது

ஹஜ்ஜிப் பெருநாள் நெருங்கும்போது ஜொகூரில் மாட்டு விலை ஏறும். கெலாங் பாத்தா வட்டாரத்தில் செம்பனைக்கு அடியில் மாடு மேய்ப்பவர்களுக்கு அதுதான் ஆண்டின் அறுவடைக் காலம். கொர்பான் என்ற பெருநாள் பலிக்கு ஊனமில்லாத, வயது நிறைந்த, சதைப்பிடிப்பான காளைதான் வேண்டும். ஆகவே பட்டியில் வேகமாக வளர்ந்த காளை முதலில் விலைபோகிறது. வளர்ச்சி குன்றியதை யாரும் கேட்பதில்லை. அது பட்டியிலேயே நின்று பசுக்களோடு சேர்கிறது. அடுத்த ஈத்துக் கன்றுகளுக்கு அதுவே தகப்பன். மலேசியாவின் மாட்டிறைச்சிப் பற்றாக்குறை பற்றிப் பேசுகிறவர்கள் நிலம், தீவனம், இறக்குமதி விலை எல்லாவற்றையும் பேசுகிறார்கள். இந்தத் தலைகீழ்த் தேர்வைப் பேசக் காணோம்.

நாடு உண்ணும் மாட்டிறைச்சியில் உள்நாட்டு உற்பத்தி அண்மை ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மீதியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து உறைந்த எருமை இறைச்சியாக வருகிறது; ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள மாடுகளும் வருகின்றன. அரசின் 2021-2025 மாட்டிறைச்சித் திட்டம் 50 விழுக்காடு தன்னிறைவை இலக்காக வைத்தது. அதற்கு முன் கெமாஸில் 25 கோடி ரிங்கிட் அரசுக் கடனில் தொடங்கிய மாடுகளைக் கொழுக்க வைக்கும் தேசியப் பண்ணை, இலக்கைத் தொடவில்லை என்று 2010-க்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. அதன் பிறகு எழுந்த அரசியல் புயலில் அடிப்படைக் கேள்வி மறைந்துபோனது. கொழுக்க வைப்பது கடைசி வேலை. கொழுக்க வைக்கத் தகுந்த கன்று எங்கிருந்து வரும்?

கன்று கணக்கிலிருந்து வரும். 2025-இல் ஜூன் 7 அன்று பெருநாள் வந்தது. அன்றைக்குக் கொர்பானுக்குரிய இரண்டு ஹிஜ்ரி வயது நிறைந்த காளை வேண்டுமென்றால், பசு 2022 செப்டம்பரிலேயே சினைப்பட்டிருக்க வேண்டும். பெருநாளோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. அதாவது வளர்ப்பவர் ஏறக்குறைய மூன்றாண்டு முன்னதாக, நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தேதியை வைத்துப் பொலிகாளையைச் சேர்க்க வேண்டும். சேர்த்த நாளும் பிறந்த நாளும் எழுதி வைக்காதவருக்கு இது கைகூடாது.

எழுதி வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கே பிராமன் இனக் காளைகளுக்கு ராக்ஹாம்ப்டன் பிராமன் வாரம் என்றொரு ஏலம் ஆண்டுதோறும் நடக்கிறது. நூற்றுக்கணக்கான பொலிகாளைகள் சில நாட்களில் கைமாறும். வாங்குகிறவர் காளையின் திமிலையும் காலையும் பார்ப்பார்; கூடவே அதன் தாளையும் படிப்பார். பிறந்த எடை, 200, 400, 600 நாள் எடைகளை வைத்துக் கணித்த மரபு மதிப்பு அதில் இருக்கும். ஏலத்துக்கு முந்தைய மாதங்களெல்லாம் அந்தத் தாளை நிரப்பும் வேலைதான். பண்ணைக்காரரின் ஆண்டு அதைச் சுற்றியே ஓடுகிறது.

அந்தப் பிராமன் மாடு அமெரிக்காவில் இந்திய இனங்களான ஓங்கோல், கிர், காங்கிரேஜ் இரத்தத்திலிருந்து உருவாக்கப்பட்டு, 1933-இல் குயின்ஸ்லாந்து வந்தது. பிரேசிலின் நெலோரேயும் ஓங்கோல் வழிவந்ததே. 2023-இல் வியாட்டினா-19 என்ற நெலோரே பசுவின் மூன்றிலொரு பங்கு ஏலம் போன விலையை வைத்து அதன் முழு மதிப்பை 40 லட்சம் டாலருக்கு மேல் கணித்தார்கள். இந்த மாட்டின் மூதாதையரை வளர்த்தவர்கள் ஆந்திர உழவர்கள். ஆனால் தலைமுறைதோறும் எடை போட்டு, கணக்கு வைத்து, தேர்ந்தெடுத்தவர்களுக்கே விலை கிடைத்தது.

மலேசியாவிடம் சரக்கு இல்லாமல் இல்லை. கெடா-கிளந்தான் மாடு சிறியது. ஆனால் வெக்கையும் உண்ணியும் தாங்கும், மோசமான மேய்ச்சலிலும் சினை பிடிக்கும். அதையும் பிராமனையும் கலந்து மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி உருவாக்கிய பிராக்மாஸ் இருக்கிறது. தோட்டப்புற இந்தியர்கள் பாலுக்கும் வண்டிக்கும் வளர்த்த மாடுகள் இருக்கின்றன. அவர்களின் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த மாடுகளின் வழி அவை. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு நம் பாட்டிமார் பால் கறந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தது இந்த மாட்டால்தான். இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டம் 2006-இல் வந்தபின் கெலாங் பாத்தாவைச் சுற்றிப் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. அங்கெல்லாம் மேய்ச்சல் போனது, மாடும் போனது. எந்த வழி மாடு, எந்தப் பட்டியில் எத்தனை ஈத்து என்ற பதிவேடு இருந்திருந்தால் அந்த இனத்தின் வித்தையாவது காப்பாற்றியிருக்கலாம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஜொகூரில் செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்காது. குளுவாங்கில் கால்நடைச் சேவைத் துறைக்கு நிலையம் இருக்கிறது. அத்துறை சிறு பட்டிக்காரர்களின் கன்றுக்குக் காதுவில்லை போட்டு, தாய் தகப்பன் பெயர் எழுதி, குறித்த வயதுகளில் எடை போடட்டும். எடையில் முந்திய காளைகளைப் பெருநாளுக்கு முன்பே அடையாளம் கண்டு, கொர்பான் விலைக்குக் குறையாமல் கொடுத்து நிறுத்தட்டும். ஆண்டுக்கு ஒருமுறை எடைத்தாளோடு அவற்றை ஏலம் விடட்டும். செம்பனை நிறுவனங்களும் அங்கே வாங்கலாம். தோட்டத்தில் மாடு மேய்ந்தால் களைக்கொல்லிச் செலவு அவர்களுக்குத்தான் குறைகிறது.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. கன்றிலிருந்து பெயர் சொல்லி வளர்த்த காளையை அறுப்புக்கு விற்க மனமில்லாமல் தவிக்கும் இந்துக் குடும்பங்கள் பல. வேறு வாங்குபவர் இல்லாததால் விற்றுவிட்டு மௌனமாக இருக்கிறார்கள். பொலிகாளைக்கு முறையான சந்தை வந்தால், அவர்கள் பட்டியின் சிறந்த காளையாவது இன்னொரு பட்டிக்கு உயிரோடு போகும். அதற்கு நல்ல விலையும் கிடைக்கும். தோட்டத்துச் சங்கங்களும் கூட்டுறவுகளும் துறையிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மானியக் கோரிக்கை அதன் பிறகு வரட்டும்.