மூச்சு விட வழி விடுங்க!

பழைய அம்பாசடர் வைத்திருப்பவரின் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. வாசலைப் பார்த்தால் போதும். மற்ற வீடுகளில் மாக்கோலம்; அவர் வீட்டில் ஆயில் கோலம்!

"ஏன் சார் ஒழுகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "வயசாச்சுல்ல..." என்பார். 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி, வயசு ஆகாமல் என்ன செய்யும்? ஆனால் பல வண்டிகளுக்கு வியாதி வயசு இல்லை. மூச்சடைப்பு!

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து உண்டாகும் வாயு, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக நழுவி, கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் கீழ் அறைக்கு வந்துவிடும். மெக்கானிக் பாஷையில் 'பேக் கம்ப்ரஷன்'. புது இன்ஜினிலும் கொஞ்சம் உண்டு. ரிங் தேய்ந்ததில் நிறைய.

நான் பி.காம். ஆசாமி. வரவு இருந்தால் செலவு காட்டியாக வேண்டும். உள்ளே வந்த வாயு வெளியே போக 'பிரீதர்' என்று ஒரு குழாய் இருக்கிறது. அதில் ஆயில் பிசுக்கும் கரியும் அல்வா பதத்தில் அடைத்துக்கொண்டால்? குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் கேஸ்கெட் ஓரமாகப் 'புஸ்' என்று சீறுமே, அதே கதைதான். டேப்பட் கவர், ஆயில் சேம்பர் என்று எங்கே பலவீனமோ, அங்கே ஆயிலையும் தள்ளிக்கொண்டு வரும். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்ப, திருகு மரை மாதிரி ஒரு வரிதான் காவல். அழுத்தம் கூடினால் அது பாவம், என்ன செய்யும்?

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். மூன்று தடவை பேக்கிங் மாற்றினார். மூன்று தடவையும் பென்ஷனில் ஓட்டை. ஒழுகல் மட்டும் நிற்கவில்லை. காயலான் கடைக்கு விலை பேசப் போனவரை இன்னொரு மெக்கானிக் தடுத்தார். "ஐயா, பிரீதர் பைப்பை யாராச்சும் கழட்டிப் பாத்தாங்களா?" பார்த்தால், உள்ளே ஈ நுழைய இடமில்லை! மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கடைசியாக ஒரு பேக்கிங் போட்டார்கள். வாசலில் இப்போது மாக்கோலம் மட்டும்தான்.

அந்தக் காலத்துக் குழாய் தரையைப் பார்த்துத் தொங்கும். வண்டி ஓடினால் காற்று வாயுவை உறிஞ்சும். சிக்னலில் நின்றால் உறிஞ்ச ஆளில்லை. புகையும் ஊருக்குத் தானம். 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா மாநிலம், "அதை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி எரி" என்று கட்டாயமாக்கியது. அந்த வேலையைச் செய்வதுதான் பி.சி.வி. வால்வு. உங்கள் வண்டியில் அது இருந்தால் கழற்றிக் குலுக்குங்கள். 'கடகட' என்று ஆடினால் நல்லது. ஊமையாக இருந்தால் மாற்றுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியிலிருந்து குபுகுபுவென்று புகை, டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்புதல், ஏர் ஃபில்டரில் ஆயில், இவையெல்லாம் அடைப்புக்கு அடையாளம். குழாயைச் சுத்தம் செய்தும் புகை குறையவில்லையா? ரிங் போய்விட்டது. கம்ப்ரஷன் செக் செய்துவிட்டுப் பெரிய செலவுக்குத் தயாராகுங்கள். எப்படியும் முதலில் குழாய், அப்புறம் பேக்கிங்!

மனுஷனுக்கும் ஒரு பிரீதர் வேண்டும் சார். ஆபீஸ் புலம்பலை எல்லாம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஒருத்தர் பொறுமையாகக் கேட்கிறாரே... அந்தக் குழாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள்!