டர்பன் கடலும் பஞ்சாங்கமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைக்கு விடுமுறை போக உத்தேசித்த நண்பர் ஒருவர், முதலில் புரட்டியது பஞ்சாங்கத்தையாம்! ராகுகாலம், சூலம் எல்லாம் பார்த்தவர், அந்தக் கடலின் சங்கதியை மாத்திரம் பார்க்கவில்லை.

1860ல் சென்னையிலிருந்து கப்பலேறிப்போய் அங்கே கரும்பு வெட்டிய கூலிகள் எந்தச் சூலம் பார்த்தார்கள்? அவர்கள் வியர்வையில் ஊர் கொழுத்தது. பிறகு அவர்கள் பேரப்பிள்ளைகளும், அந்த மண்ணுக்கே உரிய கறுப்பரும் நல்ல கரையில் கால் நனைக்கக்கூடாதென்று, “வெள்ளையருக்கு மட்டும்” எனப் பலகை நட்டார்கள். 1953ல் பார்லிமெண்டே இந்த அக்கிரமத்துக்குச் சட்டம் செய்தது. உப்புத் தண்ணீர் தோலின் நிறம் பார்த்தா கரிக்கிறது? அங்குள்ள நம் கோயில்களில் அப்போது விளக்கெரியாமலா இருந்தது? எந்தச் சாமியும் அந்தப் பலகையில் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. 1989ல் மக்களே தடையை மீறிக் கடலில் இறங்கினார்கள். 1990ல் சட்டம் ஒழிந்தது.

தோழர்களே! இதைக் கேட்டு ரோஷம் வருகிறதல்லவா? நியாயந்தான். நம் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் “பிராமணர்” என்றும் “இதரர்” என்றும் 1941 வரை இடம் பிரித்து வைத்திருந்தது யாருக்காக?

நிற்க, நண்பருக்கு ஒரு வார்த்தை. டிசம்பர் அங்கே கோடைகாலம், கூட்டம் அதிகம். முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால், எவ்வளவு நல்ல நேரத்தில் புறப்பட்டாலும் விடுதியில் அறை கிடையாது.