செய்து கற்கும் அறிவியல்

பத்தாம் வகுப்பு மாணவர்களின் செய்முறைப் பதிவேடுகளில் பத்தை எடுத்து அடுத்தடுத்துப் புரட்டிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படும். குவிலென்சின் குவியத் தொலைவு எல்லாப் பதிவேடுகளிலும் ஒரே எண்ணாக இருக்கும். ஓமின் விதிக்கான வரைபடத்தில் புள்ளிகள் யாவும் பிசகாமல் கோட்டின்மேல் அணிவகுத்து நிற்கும். உண்மையாக அளந்த கைகளுக்கு இத்தகைய ஒழுங்கு வாய்ப்பதில்லை. முந்திய ஆண்டு மாணவரின் பதிவேடு இவ்வாண்டு மாணவரின் பதிவேட்டுக்குள் குடியேறியிருக்கிறது என்பதே பெரும்பாலும் இதன் பொருள்.

இதற்காக மாணவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் முறைப்படி பத்தாம் வகுப்பு அறிவியலுக்குரிய 100 மதிப்பெண்களில் 80 எழுத்துத் தேர்வுக்கு உரியவை. 20 அகமதிப்பீட்டுக்கு உரியவை. அந்த 20-இல் செய்முறைப் பணிக்குக் கிடைப்பவை 5 மட்டுமே. அவ்வைந்தும் 'சரியான விடை'க்கே வழங்கப்படும் என்று மாணவர் எண்ணிவிட்டால், 19.4 செ.மீ. என்று கண்ட அளவை அழித்து 20 என்று எழுதத்தான் செய்வார். தம் கண் கண்டதைவிட நூல் சொன்னதே மேல் என்று அந்த நொடியில் அவர் கற்றுக்கொள்கிறார். அறிவியல் வகுப்பிலேயே ஒரு பிள்ளை பொய்யளவு எழுதப் பழகுவதைவிடப் பெரிய இழப்பு எது?

கருவிகள் போதவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் ஓரளவு உண்மை உண்டு. அக்குறையைத் தீர்க்கச் சித்தூர் மாவட்டத்திலேயே பெரியதொரு முயற்சி நடந்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அகஸ்தியா பன்னாட்டு அறக்கட்டளை, ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்றின் எல்லைகளும் நெருங்கும் குப்பம் பகுதியில் 172 ஏக்கர் வளாகம் ஒன்றை அமைத்தது. சோதனைக் கருவிகளை வண்டிகளில் ஏற்றி ஊரூராகக் கொண்டு சென்றது. எட்டாத சிற்றூர்ப் பிள்ளைகளின் கைக்கு அக்கருவிகள் எட்டின. ஆயினும் வண்டி மாலையில் புறப்பட்டுவிடும். மறுநாள் காலையில் பள்ளியில் எஞ்சி நிற்பது ஊரும் அதன் தொழில்களும் வெயிலும்தான். அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதே ஆசிரியர் முன்னுள்ள கேள்வி.

வெதுருகுப்பத்தை எண்ணிப் பார்ப்போம். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். கரும்பும் வேர்க்கடலையும் மாவும் விளையும் மாவட்டத்தைச் சேர்ந்த மண்டலம் அது. பொருள்களின் அமில, காரத் தன்மையை நிறங்காட்டித் தாள் கொண்டு அறிவது பத்தாம் வகுப்புச் சோதனைகளுள் ஒன்று. குப்பியிலுள்ள நீர்த்த அமிலத்தில் தாளை நனைத்தால் அது சிவக்கும், மாணவர் எழுதுவார், மறந்தும்போவார். அதே தாளைக் கரும்புச்சாற்றில் நனைக்கட்டும். சாறு சற்றே அமிலத்தன்மை உடையது என்று தாள் காட்டும். வெல்லம் காய்ச்சுவோர் கொப்பரையில் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பதை அப்பிள்ளைகளில் பலர் பார்த்திருக்கக்கூடும். அது ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அமிலத்தோடு சாறு கொதித்தால் அதிலுள்ள சுக்ரோஸ், குளுக்கோசாகவும் ஃப்ரக்டோசாகவும் பிரியும். பாகு இறுகாது, வெல்லம் இளகிப்போகும். சுண்ணாம்பு அந்த அமிலத்தை நடுநிலையாக்குகிறது. அழுக்கும் நுரையோடு திரண்டு மேலே வருகிறது. சுண்ணாம்பு மிகுந்தாலோ வெல்லம் கறுக்கும். ஆகவே எவ்வளவு சேர்ப்பது என்பது உழவருக்குப் பணப் பிரச்சினை. மாணவருக்கு வேதியியல் பிரச்சினை. சாற்றைச் சில கிண்ணங்களில் பிரித்து, சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாகக் கூட்டி, ஒவ்வொன்றையும் தாளால் சோதித்து அட்டவணையிடலாம். இவ்விடையைப் பழைய பதிவேட்டிலிருந்து படியெடுக்க இயலாது. சாறு கரும்புக்குக் கரும்பு மாறும்.

இதைவிடச் செலவு குறைந்த சோதனையும் உண்டு. பள்ளி முற்றத்தில் ஒரு மூங்கில் கழியைச் செங்குத்தாக நட்டு, நண்பகலையொட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்துவந்தால் போதும். நிழல் மிகக் குறுகும் நேரம் 12 மணி என்றே பிள்ளைகள் எதிர்பார்ப்பர். ஆகஸ்டு மாதத்தில் அது ஏறக்குறைய கால்மணி நேரம் கழித்தே நிகழும். இங்கேதான் ஆசிரியருக்குச் சோதனை. 12 என்று திருத்தி எழுதச் சொன்னால் பாடம் முடிந்துவிடும். திருத்தாமல் விட்டால் பாடம் தொடங்கும்: இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு அமைந்தது. சித்தூர்ப் பகுதி அதற்கு மேற்கே இருப்பதால் கதிரவன் இங்கே பிந்தியே உச்சிக்கு வருகிறான். இன்னும் ஒரு புதிர். ஆகஸ்டு முதல் வாரத்தில் உச்சிப்பொழுது நிழல் தெற்கே விழும். மாத இறுதியில் வடக்கே விழும். நடுவே ஓரிரு நாள் நிழல் ஏறத்தாழ மறையும். மேகம் மறைத்த நாளில் 'மேகம் மறைத்தது' என்று எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்பதை முன்னரே அறிவித்துவிடுவது நல்லது.

நாற்பது நிமிட வகுப்பில், நிறைந்த மாணவர் கூட்டத்தோடு, இவற்றுக்கெல்லாம் நேரமேது என்று ஆசிரியர் கேட்பர். கேள்வி நேர்மையானது. பதினைந்து சோதனைகளை ஒப்புக்குச் செய்வதைவிட ஐந்தை முழுமையாகச் செய்வது மேல். அதற்கு இரண்டு பாடவேளைகளை இணைத்துத் தரவேண்டியது பள்ளித் தலைமையின் கடமை.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது என்பதை மத்தியப் பிரதேசத்து அனுபவம் காட்டுகிறது. 1972-இல் ஹோசங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பிள்ளைகள் சோதனை செய்தே பாடம் கற்றனர். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதினர். தனியே செய்முறைத் தேர்வும் இருந்தது. மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லாததால், படியெடுத்த பதிவேட்டுக்கும் வேலை இல்லாமற்போயிற்று. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டம் 2002-இல் அரசால் நிறுத்தப்பட்டது. அதன் தேர்வுமுறையை முழுவதும் மீட்பது ஒரு பள்ளியின் கையில் இல்லை. அகமதிப்பீட்டின் ஐந்து மதிப்பெண் பள்ளியின் கையில் இருக்கிறது. அதில் மூன்றை விடைக்காக அன்றி, அளந்ததை அளந்தபடியே எழுதியதற்கும், வேறுபாடு வந்ததற்குக் காரணம் தேடியதற்கும் ஒதுக்க வரும் ஆகஸ்டிலேயே தொடங்கலாம்.