சிக்கனமும் விபத்தும்: இரு சொற்களைப் பற்றிய சிந்தனை

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் கடலோர வீதியில் அமைந்தது எங்கள் குச்சவெளி. கடலையும் வயலையும் நம்பி வாழ்ந்த ஊர். ஆயினும், ஆகாய விமானத்தில் ஏறியவர் ஒருவரேனும் இல்லாத ஒழுங்கையை இன்று இங்கே காண்டல் அரிது. வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்லும் தாய்மாரும், கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதியோரும் விமானத்தின் பின்பகுதியிலேயே அமர்ந்து செல்கின்றனர். அப்பகுதிக்குச் 'சிக்கன வகுப்பு' என்று பெயர்.

பிராசீன பாடசாலையில் இலக்கணம் கற்பிக்கும் நானும் சென்ற ஆண்டு மகளைப் பார்க்க ரொறன்ரோ நகருக்குச் சென்றேன். கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா நகரொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அங்கிருந்து கனடாவுக்குப் பதினான்கு மணி நேரம். முதற் பயணத்தில் என் அருகே, சாளர ஓரமாக, எங்கள் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி இருந்தாள். பணிப்பெண் தண்ணீர் கொண்டு வந்தபோதெல்லாம் வேண்டாமெனத் தலையசைத்தாள். “ஏன் பிள்ளை, தாகமில்லையோ?” என்றேன். “குடிச்சால் எழும்பிப் போகவேணும், சேர். உங்கள் ரெண்டு பேரையும் எழும்பச் சொல்லக் கூச்சமாக் கிடக்கு” என்றாள். முதல்நாள் இரவு திருகோணமலையில் பேருந்து ஏறியதுமுதல் அவள் நன்றாகத் தண்ணீர் குடிக்கவில்லையாம்.

அவளுடைய கூச்சத்தை அவள் குறையென்று கொள்ளுதல் தகுமா? எழுந்து செல்வதற்கு இருவரின் தயவு வேண்டியிருந்தமைக்கு அவ்விடத்தின் அளவே காரணம். ஆகவே அந்த அளவைப் பற்றி ஆராய்வோம்.

சிக்கன வகுப்பு 1958 ஆம் ஆண்டு அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடக்கும் விமானங்களில் முதன்முதல் வந்தது. செல்வர்க்கே உரியதாயிருந்த வான்வழியை நடுத்தர மக்களுக்கும் திறந்துவிட்ட நற்செயல் அது, அதனை மறுப்பதற்கில்லை. அக்கதவு திறந்திராவிடின் எங்கள் ஊரார் கடல் கடந்து உழைத்திருக்க முடியாது. ஆனால், நாளடைவில் ஆசனங்கள் நெருங்கின. ஓர் ஆசனத்துக்கும் அதன் முன்னுள்ள ஆசனத்துக்கும் இடையிலான அளவு சராசரி 35 அங்குலத்திலிருந்து 31 அங்குலமாகவும், சில விமானங்களில் 28 அங்குலமாகவும் குறைந்துவிட்டது என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் 2017 ஆம் ஆண்டு எடுத்துக்காட்டப்பட்டது.

வேண்டிய செலவைச் செய்து வேண்டாததை விலக்குதல் சிக்கனம்; வேண்டியதையும் விலக்குதல் உலோபம். இது நம் மாணவரும் அறிந்த வேறுபாடு. நகையை அடகு வைத்துச் சீட்டு வாங்கும் பயணி செய்வது சிக்கனம். முழங்காலுக்கு வேண்டிய இடத்தையும் குறைத்து மேலும் ஒரு வரிசை ஆசனம் புகுத்துவோர் செய்வதற்கும் அதே பெயரை இடலாமா?

இது வெறும் வசதிக் குறைவு மட்டுமன்று. நெடுநேரம் அசையாதிருந்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே இடர். 1940 ஆம் ஆண்டு, குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் மக்கள் புகலிடங்களில் இரவு முழுதும் நாற்காலிகளிலேயே இருந்தபோது இவ்வாறு மரணங்கள் நேர்ந்ததை கீத் சிம்ப்சன் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ பயணஞ் செய்தால் இவ்விடர் ஏறத்தாழ இருமடங்காகின்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007 ஆம் ஆண்டு அறிவித்தது. அவ்விடர் ஏறக்குறைய ஆறாயிரவரில் ஒருவர்க்கே என்பதையும் அது கூறிற்று. ஆதலால் அச்சங்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே அறிக்கை, பேருந்திலும் புகைவண்டியிலும் அசையாதிருப்பவர்க்கும் இது பொருந்தும் என்றது. கட்டுநாயக்காவை அடையவே ஏழெட்டு மணி நேரம் பேருந்தில் இருக்கும் எம்மவர்க்கு விமானப் பயணம் குச்சவெளியிலேயே தொடங்கிவிடுகின்றது என்க.

இனி, இரண்டாவது சொல்லுக்கு வருவோம். விமானப் பயணத்தில் உடலுக்குக் கேடு வந்தால் இழப்பீடு பெறுவதற்கு, அக்கேடு 'விபத்து' ஒன்றினால் விளைந்திருக்க வேண்டுமென்பது 1929 ஆம் ஆண்டின் வார்சோ உடன்படிக்கையின் விதி. 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையும் அச்சொல்லையே வைத்துக்கொண்டது. இரத்த உறைவால் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கை 2005 ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரபுக்கள் சபை விசாரித்தது. விமானம் வழக்கம்போல் ஓடியது. புறத்தே எதுவும் நிகழவில்லை. ஆகவே விபத்து இல்லை என்பது தீர்ப்பு. சொற்பொருள் நோக்கில் தீர்ப்பில் நான் பிழை காணேன். எதிர்பாராது நேர்வதே விபத்து. ஆனால் அதிலிருந்து பெறப்படுவது யாது? திட்டமிட்டு அளந்து அமைத்த நெருக்கம் விபத்தாகாது. விபத்தாகாமையினால் அதற்கு எவரும் பொறுப்பாளியல்லர்! எதிர்பாராததற்குப் பொறுப்பு உண்டு, எதிர்பார்க்கக்கூடியதற்கு இல்லை என்னும் இந்நிலையை நீதிமன்றம் மாற்ற முடியாது. சட்டம் இயற்றுவோரே மாற்றவேண்டும்.

அமெரிக்கா 2018 ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, பயணிகளின் பாதுகாப்புக்கு வேண்டிய ஆகக் குறைந்த ஆசன அளவை ஓராண்டுக்குள் வகுக்குமாறு தன் விமானத்துறை நிருவாகத்தைப் பணித்தது. நான்கு ஆண்டுகள் கழிந்து 2022 இலும் அந்நிருவாகம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் நிலையிலேயே இருந்தது. 26,000 க்கு மேற்பட்டோர் கருத்து எழுதினர். இடையில் ஒரு சோதனையும் நடத்தப்பட்டது. இடர் நேர்ந்தால் பாதி வாசல்கள் வழியாகவே 90 விநாடிக்குள் அனைவரும் வெளியேறக்கூடியதாய் விமானம் அமைய வேண்டுமென்பது விதி. நெருங்கிய ஆசனங்கள் இதற்குத் தடையாகா எனச் சோதனை காட்டியது. ஆனால் அதிற் பங்குபற்றியோர் யாவரும் அறுபது வயதுக்கு உட்பட்ட, உடல்நலம் வாய்ந்தவர்கள். ஊன்றுகோலுடன் பேரனைக் காணச் செல்லும் எங்கள் ஊர்ப் பாட்டி அக்கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவருக்கு ஆசனம் மட்டும் விற்கப்படுகின்றது.

கட்டணம் ஏறினால் ஏழைக்கே நட்டம் என்பர் சிலர். அஃது உண்மையே. ஆயின் அளவு எல்லார்க்கும் பொதுவாக விதிக்கப்படின், போட்டியின் பொருட்டு ஒருவர் குறைக்க மற்றவரும் குறைக்கும் கட்டாயம் நீங்கும். சிறிதளவு கட்டணம் ஏறினும், நம்மவர் பெறுவது உடலுக்குரிய இடம்.

அதுவரை ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வெளிநாடு செல்வோர் படிவங்களை நிரப்ப நம்மிடம் வருகின்றனர். அப்போது, நடைவழி ஓரத்து ஆசனத்தைக் கேட்டு வாங்கும்படியும், தண்ணீர் குடிக்கும்படியும், இடையிடையே எழுந்து நடக்கும்படியும், குதிக்காலை உயர்த்தித் தாழ்த்தும்படியும் சொல்லி அனுப்புவோம். அருகிலிருப்பவரை எழும்பச் சொல்வது மரியாதைக் கேடன்று என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

அன்று நான் எழுந்து வழிவிட்டு, என் ஓரத்து ஆசனத்தை அப்பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் போய்வந்து, இரண்டு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இறங்கும்போது, “இதை முந்தியே ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே, சேர்” என்றாள். அது என்னையும் குறித்த சொல் என்றே கொண்டேன்.